பிளாக் சுவருக்கு எந்தக் கலவை, எப்படிப் போடுவது

சிமெண்ட் கொஞ்சம் கூடவே போட்டால் கான்கிரீட் பிளாக் சுவர் பலமாக நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கலவை பிளாக்கைவிட வலுவாகிப் போனால், அஸ்திவாரம் லேசாக இறங்கும்போதோ சுவர் காய்ந்து சுருங்கும்போதோ விரிசல் ஜாயிண்டோடு நிற்காமல் பிளாக்கையே பிளந்துகொண்டு போகும். ஜாயிண்டில் விழுந்த மயிரிழை விரிசலைப் பூச்சில் சரிசெய்துவிடலாம், பிளந்த பிளாக்கை என்ன செய்வது?

சாலிட்டோ (கெட்டி பிளாக்) ஹாலோவோ (உள்ளே குழி உள்ளது), 6 அங்குலம், 8 அங்குலச் சுவருக்கு 1:6, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல், போதும். 4 அங்குலத் தடுப்புச் சுவருக்கும், தரைமட்டத்துக்குக் கீழே ஈரத்தில் நிற்கிற சுவருக்கும் 1:4. சிமெண்ட் பிபிசி (போஸோலானா கலந்த சிமெண்ட்) வாங்குங்கள், 53 கிரேடு ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) இந்த வேலைக்குத் தேவையில்லை.

விகிதம் சொல்வது சுலபம், சைட்டில் நடப்பது வேறு. சட்டிக் கணக்கில் காலையில் குவித்து அள்ளுவார்கள், மதியம் கை ஓய்ந்ததும் தட்டையாக விழும், சாயங்காலம் கேட்டால் எல்லாமே 1:6தான். 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர், அதாவது 1¼ கன அடி. பலகையில் உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரத்துக்கு ஒரு பெட்டி அடித்துக்கொடுங்கள்; மட்டமாக வழித்தால் சரியாக ஒரு மூட்டை அளவு. மூட்டைக்கு ஆறு பெட்டி மணல். ஈர மணல் உப்பியிருக்கும் என்பதால் அன்றைக்குக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும்.

கான்கிரீட்டுக்கு வந்த எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்த மணல்) அப்படியே போட்டால் கலவை சொரசொரவென்று கரணையில் நிற்காது, தண்ணீர் தனியாகப் பிரியும், அதனால் சலித்துப் போடுங்கள். மலிவு என்று கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது விழும் தூள்) போடச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், தூள் கூடினால் கலவை சுருங்கி வெடிக்கும்.

முதலில் காய்ந்தபடியே ஒரே நிறமாகும்வரை புரட்டி, அப்புறம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பதம் பார்க்க ஒரு பிளாக்கை வைத்து அழுத்துங்கள். ஓரத்தில் லேசாகப் பிதுங்கி, 10 மி.மீ. கனத்தில் நின்றால் சரி; வழிந்து ஓடினால் பிளாக்கின் பாரத்துக்கே வரி இறங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் தீர்கிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள். சாப்பாட்டு நேரத்தில் இறுகிப்போனதில் தண்ணீர் ஊற்றிக் கிளறுவது எல்லா சைட்டிலும் நடக்கும், நின்று தடுத்தால்தான் உண்டு.

அடுத்தது, செங்கல் பழக்கத்தில் கொத்தனார் பிளாக்கையும் ஊற வைப்பார் அல்லது ஹோஸ் பிடிப்பார். வேண்டாம். நனைந்த பிளாக் உப்பும், சுவரில் ஏறிய பிறகு காய்ந்து சுருங்கும், விரிசல் அங்கேதான் ஆரம்பம். வார்த்து 28 நாள் ஆகாத பச்சை பிளாக்குக்கும் இதே கதி. வெயிலில் சுட்டுக் கிடந்தால் கலவை படுகிற பக்கத்தை மட்டும் பிரஷ்ஷால் தொட்டு நனையுங்கள், மழை வந்தால் தார்ப்பாய் போடுங்கள்.

ஹாலோ பிளாக்கில் இரண்டு ஓர விளிம்பிலும் கலவை போட்டால் போதும், குழிக்குள் கொட்ட வேண்டியதில்லை. பக்க ஜாயிண்டுக்கு, பிளாக்கை வைத்துவிட்டு மேலிருந்து தண்ணிக் கலவை ஊற்றுவதை அனுமதிக்காதீர்கள்; பிளாக்கின் தலைப்பில் கலவையை அப்பி நெருக்கி வைக்கச் சொல்லுங்கள், மழைநீர் உள்ளே வருவது பெரும்பாலும் அந்தப் பொள்ளல் வழியாகத்தான். வைத்து இறுகிய பிளாக்கைத் தட்டி நகர்த்தினால் பிடிப்பு விட்டுப்போகும், எடுத்து வழித்துவிட்டுப் புதுக் கலவையில் வைப்பதுதான் வழி. ஒரு நாளைக்கு நாலு, நாலரை அடி உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான பிளாக்) என்றால் இந்தக் கணக்கே வேறு, அதற்கு மூட்டையில் வரும் பிளாக் ஒட்டுப் பசையை 3 மி.மீ. கனத்தில் இழுத்தால் போதும்.

கட்டிய சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் தெளியுங்கள். செங்கல் சுவர் மாதிரி ஊற்றி நனைக்காமல், ஜாயிண்ட் காயாத அளவுக்குத் தெளித்தால் சரி. பூசப் போகிற சுவர் என்றால் கலவை பச்சையாக இருக்கும்போதே ஜாயிண்டை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டிவிடச் சொல்லுங்கள், மறுநாள் என்றால் உளி எடுக்க வேண்டிவரும்.