தொற்றுக்காலத்தில் வழிபாட்டு உரிமை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயிலோ தேவாலயமோ மசூதியோ மூடப்பட்டதும் "உரிமை பறிபோனது" என்று மனு எழுத உட்காருவதுதான் முதல் தவறு. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அது அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் நிபந்தனை அல்ல, பிரிவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே மூடியதை எதிர்ப்பதைவிட, எல்லோருக்கும் ஒரே அளவுகோலா என்று கேட்பது வலுவான வாதம். சென்னையில் டாஸ்மாக் கடைகள் 2020 ஆகஸ்ட் 18 அன்று திறந்தன. பெரிய வழிபாட்டுத் தலங்கள் செப்டம்பர் 1 அன்றுதான் திறந்தன. இப்படித் தேதியோடு கேட்டால் அதிகாரிக்கும் மழுப்புவது கடினம்.

தன் மதத்துக்கு மட்டும் குரல் கொடுப்பது இதைவிடப் பெரிய தவறு. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களை ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. கடைசியில் வேலங்காடு இடுகாட்டில், காவல் பாதுகாப்போடு, நண்பரான ஒரு மருத்துவரே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். கௌரவமான இறுதிச் சடங்கு கிறிஸ்தவர்களின் தனிக் கோரிக்கை என்று ஒதுங்கி நின்றிருந்தால் எதுவும் நடந்திருக்காது. மதம் பாராமல் எழுந்த கண்டனத்தைத் தொடர்ந்து, அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்ற அவசரச் சட்டம் அந்த மாதமே வந்தது. உடல்களை மதம் பாராமல் அடக்கம் செய்த தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) தொண்டர்களையும் இங்கே மறக்கக் கூடாது.

வெறுப்பை மறுக்கும் ஆர்வத்தில் அதையே பரப்புவோரும் உண்டு. முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என்று விளம்பரம் செய்த தியாகராய நகர் பேக்கரி உரிமையாளர் 2020 மே மாதம் கைதானார். அந்த விளம்பரப் படத்தைக் கோபத்தோடு பத்துக் குழுக்களுக்கு அனுப்புவது விளம்பரத்துக்கு இலவசச் சேவை. புகாரைக் காவல் நிலையத்தில் கொடுங்கள், படத்தை அழித்துவிடுங்கள்.

"அடுத்த மாதம் எல்லாம் திறந்துவிடும்" என்று நம்பிக்கை ஊட்டாதீர்கள். 2021 ஏப்ரல் 26 அன்று வழிபாட்டுத் தலங்களை மீண்டும் மூடினார்கள்; ஜூலையில் திறந்து, ஆகஸ்டிலிருந்து வெள்ளி முதல் ஞாயிறு வரை மூடினார்கள்; அக்டோபர் நடுவில்தான் எல்லா நாளும் திறந்தது. தேதியை நம்பியவர்கள்தான் முதலில் சோர்ந்தார்கள். இன்று செய்து முடிக்கக்கூடிய வேலை வேண்டும். 2020 ரமலானில் மசூதிகளில் கஞ்சி காய்ச்ச முடியாதபோது அரிசி வீடுகளுக்குப் போனது, நோன்பு நின்றுவிடவில்லை.

இணையவழிக் கூட்டம் நடத்திவிட்டால் எல்லோரையும் சேர்த்துக்கொண்டதாக ஆகாது. ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை சாதாரண அழைப்புப் போதும், அதில் நோய்க்கணக்கு வேண்டாம். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அது கையில் இருந்தால் மனு என்ன ஆனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.