கிட் கார்ல கியர் விழலையா? கியர்பொக்ஸ இறக்க முன்னம் இத பாருங்க

பழைய கிட் கார் (பார்ட்ஸா வாங்கி நாமளே பூட்டுற கார்), மினி மாதிரி வண்டி வச்சிருக்கிற ஆக்களுக்குத்தான் இது. கியர் இறுகினா உடனே கியர்பொக்ஸ இறக்க வேணாம், முதல்ல எஞ்சின ஓஃப் பண்ணிட்டு எல்லா கியரையும் ஒவ்வொண்டா போட்டு பாருங்க. ஓஃப்ல லேசா விழுது, ஸ்டார்ட்ல மட்டும் இறுகுது, ரிவர்ஸ் போட்டா கரகரண்டு சத்தம் வருதுண்டா கிளச் முழுசா விடல. ஓஃப்லயும் இறுக்கம்னா லிங்கேஜ் (கியர் லீவரையும் கியர்பொக்ஸையும் இணைக்கிற ரொட்), அதில இருக்கிற புஷ் பக்கம் தேடுங்க.

கிளச் விடாட்டி பெடல ரெண்டு மூணு தரம் டக்டக்குண்டு பம்ப் பண்ணுங்க, அப்ப கியர் விழுந்தா கிளச் ஃப்ளூயிட் போற லைன்ல காத்து, இல்லாட்டி மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிக்க ஃப்ளூயிட்ட தள்ளுறது) சீல் போயிருக்கும். ஒராள மிதிக்கச் சொல்லிட்டு கீழ ஸ்லேவ் சிலிண்டர் (அந்த ஃப்ளூயிட் வந்து கிளச்ச தள்ளுறது) ரொட் எவ்வளவு தள்ளுதுண்டும் பாருங்க. கிட் கார்ல இன்னொண்டு இருக்கு, இத நிறைய பாஸ்மார் (மெக்கானிக்மார்) பாக்கிறதே இல்ல: பெடல் பூட்டியிருக்கிற தகடு மெல்லிசுண்டா மிதிக்கிறப்ப தகடே வளையும், பாதி மிதி அங்கயே போயிரும், என்ட கார்ல ரெண்டு தரம் சீல் மாத்தியும் சரிவராம கடைசில தகட்டுக்கு பின்னால ஒரு இரும்புத்துண்டு வச்சு வெல்ட் பண்ணினதுக்குப் பிறகுதான் கியர் ஒழுங்கா விழுந்துச்சு.

மறுபக்கம், எஞ்சின் சத்தம் ஏறுது வேகம் ஏறலண்டா அது கிளச் ஸ்லிப் (வழுக்குது), கிளச் பிளேட் தேஞ்சிருக்கும் இல்லாட்டி எண்ணெய் பட்டிருக்கும்.

கிளச் ஃப்ளூயிட் ஈரத்த இழுக்கும், நம்ம கொழும்பு காத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளுக்கு சீல் வாங்கப் போனா பழசையும் கையோட கொண்டு போங்க.