அல்ஜீப்ராவில் தடுமாறும் கல்லூரி மாணவர்கள்: சொல்லிக்கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்த மாணவர் போட்ட கணக்கை வரிவரியாகப் பாருங்கள். ஓர் அணிக்கு (மேட்ரிக்ஸ்) ஐகன் மதிப்பு, அதாவது லாம்டா என்று குறிக்கும் எண், காணும் கணக்கில் அணியைச் சரியாக எழுதியிருப்பார், மூலைவிட்டத்தில் லாம்டாவைக் கழித்திருப்பார், அணிக்கோவையை (டிடர்மினன்ட்) விரிக்கவும் தெரிந்திருக்கும். (4 − லாம்டா)(3 − லாம்டா) என்று பெருக்கும்போதுதான் கடைசி உறுப்புக்கு மைனஸ் போட்டுவிடுவார். அதன் பிறகு எழுதிய ஒரு பக்கமும் வீண்.

இவருக்கு ஐகன் மதிப்புப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்துவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அந்தப் பாடம் அவருக்குத் தெரியும். தடுக்கி விழுவது பள்ளியில் படித்த குறி விதியில். அதனால் நாம் போட்டுக் காட்டுவதைக் குறைத்து, அவரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வேண்டும். நடுவில் திருத்தக் கூடாது. முடித்ததும், “இந்த வரி எப்படி வந்தது?” என்று மட்டும் கேளுங்கள். சரியான வரிக்கும் கேளுங்கள். தவறான வரிக்கு மட்டும் கேட்டால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

அப்படிக் கேட்டால் அடிக்கடி வரும் பதில், “அந்தப் பக்கம் போனால் மைனஸ் ஆயிடும் சார்.” பள்ளியில் வேகத்துக்காகச் சொல்லித்தந்த இந்தக் குறுக்குவழி செய்யும் சேதம் கொஞ்சமல்ல. 3எக்ஸ் = 12 என்பதில் 3-ஐ அந்தப் பக்கம் அனுப்பி, 12 − 3 = 9 என்று விடை எழுதுகிறவர்கள் கல்லூரியிலும் இருக்கிறார்கள். இவர்கள் மக்குகள் அல்ல, கற்றுத்தந்த விதியை அப்படியே நம்பியவர்கள். எந்த எண்ணும் எங்கேயும் போவதில்லை, இரு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம் என்பதை அவர் உணர வேண்டும். கொஞ்ச நாளைக்கு “இரு பக்கமும் 3-ஆல் வகுக்க” என்று முழுசாக எழுதவையுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

அடுத்த தவறு, பிழையைப் பார்த்ததும் சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்வது. (ஏ + பி)² என்பதை ஏ² + பி² என்று எழுதினால், 3, 4 என்று எண் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 49, இன்னொரு பக்கம் 25. (எக்ஸ் + 6)/6 என்பதில் இரண்டு ஆறையும் அடித்துவிட்டு எக்ஸ் என்கிறாரா? எக்ஸுக்கு 12 போட்டால் உண்மையான மதிப்பு 3, அவர் விடை 12. இதைத் தானே கண்டுபிடித்தவர் தேர்வறையிலும் தானே சரிபார்ப்பார். அங்கே நாம் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.

தமிழ் வழியில் படித்து வந்தவரிடம் முதல் நாளே ஆங்கிலத்தில் விளக்கம் கேட்காதீர்கள். கெழு, அணிக்கோவை என்றே பேசட்டும், கோஎஃபிஷியன்ட்டும் டிடர்மினன்ட்டும் பழகிக்கொள்ளலாம்.

அப்புறம், ‘முக்கியக் கேள்விகள்’. அணிகளைப் பற்றிய கேலி-ஹாமில்டன் தேற்றக் கணக்கை ஒரே அணியை வைத்து மனப்பாடம் செய்தவருக்கு, தேர்வில் எண் மாறினால் கைவிட்டுப் போய்விடும். மாதிரித் தாள் எல்லாம் கடைசி வாரத்துக்கு இருக்கட்டும். செமஸ்டரின் முதல் இரண்டு வாரங்களைக் குறி, பின்னம், அடைப்புக்குறி மூன்றுக்கும் கொடுங்கள்.