புது பியூஸைக் காக்க ஒரு பல்பு: பழைய டிவியின் பவர் சப்ளையைச் சோதிக்கும் முறை

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் பிக்சர் டியூப் டிவி இன்னமும் ஓடுகிறது. 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளும் அவற்றில் உண்டு. ஒருநாள் சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்குகூட எரியவில்லை என்றால், பழைய இரும்புக்குப் போட அவசரப்படாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பவர் சப்ளையில்தான் இருக்கும்.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கியதும் உள்ளே கை வைக்கக் கூடாது. 230 வோல்ட் ஏ.சி.யை நான்கு டயோடுகள் டி.சி.யாக்கி, ஏறத்தாழ 325 வோல்ட்டைப் பெரிய கண்டன்சரில் நிரப்புகின்றன. ஓடுகிற டிவியில் அது தானே வடிந்துவிடும். ஓடாத டிவியில் அதை இழுத்துக்கொள்ள எதுவுமில்லை. நெடுநேரம் தேங்கியே நிற்கும். ஓடாத டிவியைத் திறக்கும்போதுதான் நான் கூடுதல் கவனமாக இருக்கிறேன். 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரில் இன்சுலேஷன் உள்ள ஒயர்களைப் பற்றவைத்து, கண்டன்சரின் இரு முனைகளிலும் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். பிக்சர் டியூப்பின் மேலுள்ள ரப்பர் மூடியைத் தொடவே வேண்டாம். அங்கே பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.

அடுத்து, பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு போர்டைத் திருப்பிப் பாருங்கள். கடல் காற்றில் இருந்த போர்டில் செம்பு பச்சை பூத்திருக்கும். கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வளையமாக விரிசல் தெரியும். அங்கே புதிதாக ஈயம் வைத்தாலே சில டிவிகள் எழுந்துவிடும். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு டிவியில், பவர் டிரான்சிஸ்டரின் கால்களுக்குக் குறுக்கே ஒரு பல்லி காய்ந்து ஒட்டிக்கிடந்தது. கண்ணால் பார்க்காமல் மீட்டரை எடுத்திருந்தால் அரை நாள் வீணாகியிருக்கும்.

இனி பியூஸ். கண்ணாடிக்குள் கம்பி மட்டும் அறுந்திருந்தால் மின் ஏற்ற இறக்கமாகவோ வயதாகவோ இருக்கலாம். கண்ணாடி முழுதும் கருத்தோ வெள்ளி பூசியதுபோலோ இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. புது பியூஸும் அதே நொடியில் போய்விடும். மீட்டரை டயோடு நிலையில் வைத்து நான்கு டயோடுகளையும் அளங்கள். ஒரு பக்கம் 0.5, 0.6 காட்டி, மறுபக்கம் எதுவும் காட்டாவிட்டால் நல்லது. இரு பக்கமும் 'பீப்' அடித்தால் ஒரு காலைக் கழற்றி மறுபடி அளந்து, அப்போதும் அடித்தால் மாற்றுங்கள். பவர் டிரான்சிஸ்டரையும் ஷார்ட்டுக்குச் சோதியுங்கள். பிக்சர் டியூப்பில் ஏறும் காந்தத்தை நீக்கும் ஒயர்ச் சுருள்தான் டீகாஸிங் காயில். அதன் பிளக்குக்கு அருகில் கறுப்புப் பெட்டிபோல ஒரு பாசிஸ்டர் இருக்கும்; சூடானதும் அந்தச் சுருளுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது அது. கழற்றிக் குலுக்கினால் உள்ளே சலசலவென்று கேட்கிறதா? பியூஸை எரித்தது அதுவாக இருக்கலாம்.

இப்போதுதான் சீரிஸ் பல்பு, அதாவது டிவிக்குப் போகும் மின்சாரம் முழுதும் தன் வழியே போகும்படி இணைக்கும் பல்பு. 14 அங்குலத்துக்கு 60 வாட், 21 அங்குலத்துக்கு 100 வாட் குண்டு பல்பு, எல்.இ.டி. உதவாது. டிவிக்குப் போகும் ஒரு ஒயரை அறுத்து, பல்பை அதன் நடுவே இணையுங்கள். பியூஸ் போயிருந்தால் புதியதைப் போட்டு, டீகாஸிங் பிளக்கைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள்.

மங்கினால், மீட்டரை டி.சி. வோல்ட் நிலைக்கு மாற்றி, கறுப்பு முனையைப் பெரிய கண்டன்சரின் மைனஸிலும் சிவப்பு முனையை பிளஸிலும் வைத்து அளந்து பாருங்கள். கறுப்பு முனையை, சேனல் பிடிக்கும் டியூனரின் தகரத்தில் வைக்காதீர்கள். அது வேறு கிரவுண்டு, அளவு தப்பாக வரும். 300 வோல்ட்டுக்குச் சற்று முன்பின் இருந்தும் டிவி அசையவில்லையா? பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரை மறுபடி வடித்துவிட்டு, பவர் சப்ளையைத் தொடக்கிவிடும் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டரைப் பாருங்கள். நூறு கிலோ ஓமுக்கும் மேலான இந்த ரெசிஸ்டர் வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் உள்ளே அறுந்துபோகும். அதன் பக்கத்திலுள்ள 47 மைக்ரோ ஃபாரட் போன்ற சிறு கண்டன்சர் சூட்டில் காய்ந்துபோவதும் அடிக்கடி நடப்பது; விலை மிகக் குறைவு, சந்தேகப்பட்டாலே மாற்றிவிடுவேன்.

'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வந்தால் பவர் சப்ளையைக் குறை சொல்லாதீர்கள். படத்தின் கிடைக்கோடுகளை ஓட்டும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகிச் சப்ளையை அமுக்கிக்கொண்டிருக்கலாம்.

பாகங்களுக்குச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு போங்கள்; பழையதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். பியூஸில் எழுதியிருக்கும் ஆம்பியர் எதுவோ அதையே கேளுங்கள். ஒயர் இழையைச் சுற்றி ஒப்பேற்றுவது வீட்டுக்கே தீ வைப்பதற்குச் சமம்.