போர்க்கெட்டா வீட்டில் செய்வது எப்படி: தோல்தான் முக்கியம்

ரோமுக்குத் தென்கிழக்கே அரிச்சா என்று ஒரு மலையூர். அங்கே முழுப் பன்றியையே எலும்பெடுத்து, உப்பு, மிளகு, பூண்டு, ரோஸ்மேரி தடவிக் கட்டிச் சுடுவார்கள். அதுதான் போர்க்கெட்டா. அந்த ஊர்ப் போர்க்கெட்டாவுக்கு 2011 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் இருக்கிறது. இத்தாலியின் நடுவில் உள்ள உம்ப்ரியா பக்கம் போனால் ரோஸ்மேரியை விடக் காட்டுச் சோம்புதான் தூக்கலாக இருக்கும். எனக்கு இரண்டும் வேண்டும்.

வீட்டு அவனுக்கு (oven) 3 கிலோ பன்றி வயிற்றுக் கறி போதும். தோலோடு, எலும்பில்லாமல், ஒரே துண்டாகக் கேட்டு வாங்குங்கள். தோல் கீழே இருக்கும்படி விரித்து, சதையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி 50 கிராம் உப்பைத் தேயுங்கள். இவ்வளவா என்று கை தயங்கும், ஆனால் சுருட்டிவிட்டால் அப்புறம் உள்ளே உப்பு சேர்க்க வழியில்லை. 2 மேசைக்கரண்டி சோம்பை லேசாக வறுத்து ஒன்றிரண்டாக இடித்து, 1 மேசைக்கரண்டி மிளகுத்தூள், நசுக்கிய 8 பல் பூண்டு, 3 கொத்து ரோஸ்மேரி இலை எல்லாம் சேர்த்து அப்புங்கள். இறுக்கிச் சுருட்டும்போது தோலின் இரு விளிம்பும் தொட்டுக்கொண்டால் போதும். ஒன்று இன்னொன்றுக்குள் போனால் அந்தத் தோல் வேகாமல் ரப்பர் மாதிரி ஆகிவிடும், அதனால் மிச்சத்தை வெட்டிவிடுங்கள். இரண்டு விரல் இடைவெளியில் பருத்தி நூலால் கட்டுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. தோலை ஈரம் போகத் துடைத்து, சதைவரை இறங்காமல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, எதையும் போட்டு மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி, முடிந்தால் இரண்டு ராத்திரி வையுங்கள். விரலால் தட்டினால் காய்ந்த தோல் மாதிரி சத்தம் வர வேண்டும்.

சுடுவதற்கு 2 மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். 150 டிகிரி செல்சியஸில் கம்பித் தட்டின்மேல் 4 மணி நேரம். கீழ்த்தட்டில் கொஞ்சம் வெள்ளை ஒயினும் தண்ணீரும் ஊற்றினால் சொட்டும் கொழுப்பு கருகாது. அந்தச் சாற்றைத் தயவுசெய்து தோல்மேல் ஊற்றிவிடாதீர்கள், இரண்டு நாள் காயவைத்தது வீணாகிவிடும். கடைசியில் 230 டிகிரிக்கு ஏற்றி 20 முதல் 30 நிமிடம். கொப்புளம் கொப்புளமாகத் தோல் எழும்பும், அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள், ஒரு பக்கம் கறுத்தால் திருப்பி வையுங்கள்.

அரை மணி நேரம் ஆறட்டும். மூட வேண்டாம். ரொட்டி வெட்டும் பல் கத்தியால்தான் தோல் சிதறாமல் அறுபடும். வெதுவெதுப்பான துண்டுகளை வெறும் ரொட்டிக்குள் வைத்து, சாஸ் எதுவும் இல்லாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தோல் வரும்படி பிரித்துக் கொடுங்கள்.