பழைய சாமித் துணியைப் பாழாக்கும் பழக்கங்கள்

செட்டிநாட்டில் வீட்டைப் பங்கு பிரிக்கும்போது வெங்கலப் பானைக்கும் பர்மா தேக்குக்கும் கணக்கு எழுதுவார்கள். பெட்டியடியில் மடித்துக் கிடக்கும் சாமித் துணி எந்தக் கணக்கிலும் வராது. பழுப்பேறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஓரம் நைந்து கிடப்பதால் துவைத்துப் பார்ப்போம் என்று தோன்றும். இல்லையென்றால் பழைய சாமான் வாங்குபவரிடம் போய்விடும். அது கலம்காரியாக, அதாவது குச்சியில் சாயம் தொட்டுக் கையால் எழுதிய துணிச் சித்திரமாக இருக்கலாம். கோயில் விதானமாகவோ, தேரில் உருளை வடிவில் தொங்கவிட்ட துணித் தொம்பையாகவோ, ராமாயணக் காட்சிகளை வரிசையாக எழுதிய திரையாகவோ இருந்திருக்கலாம். இவற்றை யாரும் வேண்டுமென்று கெடுப்பதில்லை. பெரும்பாலும் நம் பக்தியும் சுத்தமுமே கெடுக்கின்றன.

துவைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஏன் என்பதற்குச் சாயத்தின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். கலம்காரிக்குப் பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். நம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர்ப் பூச்சில் சேர்ந்த அதே கடுக்காய்தான். கறுப்புக் கோட்டுக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு மை எடுப்பார்கள். மூங்கில் குச்சியால் எழுதும்போது அந்த மை வெளிறித்தான் இருக்கும். கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கண்ணெதிரே கறுக்கும். அந்தக் கறுப்பில் இருக்கும் இரும்புதான் வருஷங்கள் போகப்போகப் பருத்தி இழையை அரிக்கிறது. சிவப்பும் நீலமும் இருக்கும் இடம் உறுதியாக நிற்க, கறுப்பு ஓடிய இடம் மட்டும் பொடியாகும்.

வயதான துணி கையில் இருந்தால், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு பேர் மெதுவாகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அம்மன் புருவம், கண்ணிமை, ஒட்டியாணத்தின் விளிம்பு என்று கோடு போன வழியெல்லாம் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் கசிந்தால், இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கொண்டுபோய் வாளியில் முக்கினால் பிழியக்கூட வேண்டாம், ஈரத்தின் கனத்திலேயே கோட்டோடு கோடாகக் கிழியும். முகத்தில்தான் மெல்லிய கறுப்புக் கோடுகள் அதிகம் என்பதால் முதலில் போவதும் முகம்தான். சுருக்கம் எடுக்கிறேன் என்று இஸ்திரிப் பெட்டி வைத்தாலும் இதே கதிதான். கஞ்சி போடுவது இன்னொரு வினை. மாவுப்பசை இருக்கும் துணியை இராமபாணப் பூச்சி தேடி வரும்.

தூசி போக வேண்டுமா? துணியைத் தட்டையாக விரித்து, மெல்லிய மயிர்த் தூரிகையால் ஒரே பக்கமாகத் தள்ளிவிடுங்கள். அதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம்.

அப்புறம் மடிப்பு. நாலாக மடித்துத் தேக்குப் பெட்டியில் வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த துணி அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும். அகலமான குழாய் ஒன்றின் மேல், கஞ்சி போக நன்றாக அலசிக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் படம் வெளிப்பக்கம் தெரியும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். மேலே இன்னொரு வெள்ளைத் துணி போதும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள், உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டை துணியில் படவே கூடாது. வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ வைப்பதானாலும் தனியாக முடிந்து பெட்டி மூலையில் வையுங்கள்.

வெயிலில் காயப்போடும் பழக்கத்தையும் விட வேண்டும். பழைய கலம்காரியில் சில மரங்களின் இலை நீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் பச்சையாகத்தான் எழுதியிருப்பார். நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை எடுப்பது வழக்கம். அவுரி நீலம் நிற்கும், செடிகொடியிலிருந்து எடுத்த மஞ்சள் வெளிச்சத்தில் ஓடிவிடும். போன மஞ்சளைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. வளவில் முற்றத்து வெயில் நேராக விழும் சுவரில் மாட்டிவைப்பதும் தினம் காயப்போடுவதும் ஒன்றுதான். நிழலும் காற்றும் உள்ள உள்கட்டுச் சுவர்தான் நல்லது.

பூஜை விஷயத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். துணிப் படத்தில் சந்தனம், குங்குமம் வைக்காதீர்கள். விளக்குக்கு நேர் மேலே தொங்கவிடாதீர்கள். எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் இழைக்குள் இறங்கினால் எடுக்க முடியாது. தினசரி வழிபாட்டுக்குப் புதிதாக ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். தஞ்சைப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர் கலைஞர்கள் இன்னும் கையால்தான் எழுதுகிறார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்களிடம் வாங்கினால் அந்தக் குடும்பங்களுக்கும் வேலை, பழையதற்கும் ஓய்வு.

தஞ்சாவூர் ஓவியமும் துணிப் படம்தான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பலகையில் ஒட்டிய துணிமேல்தான் சுண்ணப் பொடியும் பசையும் கலந்து மேடு கட்டி, தங்கத் தகடு பதிக்கிறார்கள். ஈரத் துணியால் துடைத்தால் பசை இளகி, தகடும் கல்லும் உதிரும். ரவி வர்மா அச்சுப் படத்தில் சரிகையும் துணியும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை கட்டிவிட்ட படங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அவற்றைச் சட்டத்திலிருந்து கழற்றி வெள்ளைப் பசையால் ஒட்டவைக்கும் வேலை வேண்டாம். எந்தத் துணிப் படமானாலும் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. இடையே ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

நீளமான கதைத் துணியைக் கட்டம் கட்டமாக வெட்டி, பங்காளிகள் ஆளுக்கொன்றாகச் சட்டம் போட்டுக்கொள்வதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. ஒரு கட்டத்தின் கீழ் எழுதிய வரி அடுத்த கட்டத்துக்குக் கதையைக் கொண்டுபோகிறது. வெட்டியபின் அது கதை இல்லை, வெறும் துண்டு. முழுத் துணியையும் ஒருவர் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் நல்ல புகைப்படம் எடுத்துப் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளலாம்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. துணிப் படம் எடுத்தால் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கையால் எழுதிய கலம்காரியில் சாயம் இழைக்குள் இறங்கியிருக்கும், கோடு ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலியும், குச்சி நின்ற இடத்தில் மை சிறு பொட்டாகத் தேங்கியிருக்கும். ஒரே பூ, ஒரே வளைவு, ஒரே பிசிறோடு திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. மசூலிப்பட்டினத்து மரக்கட்டை அச்சுக்கும் தனி மதிப்பு உண்டுதான், ஆனால் கையால் எழுதியதற்கான விலை கொடுத்து அதை வாங்க வேண்டியதில்லை.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்துபோகும் உறவினர்கள் ஆசைப்பட்டுப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவதும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. வயது சந்தேகம் என்றால், அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகே எடுத்துச் செல்லுங்கள்.

கிழிந்துபோனதைத் தைக்காதீர்கள், பின்னால் டேப்பும் ஒட்டாதீர்கள். உதிர்ந்த துண்டுகளை ஒரு காகித உறையில் சேர்த்து, துணியோடு வைத்திருங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பாதுகாப்பதற்கென்றே வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. முதலில் புகைப்படங்களோடு போய் அவர்களிடம் கேளுங்கள்.