ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசு உதவி: சிறு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொட்டிக்கடை நடத்தும் ஒருவர் 80,000 யூரோ விலையுள்ள புதிய அடுப்பு ஒன்றைச் சேர்த்துத் தன் உற்பத்தியைப் பெருக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 4 அன்று ஆர்டர் படிவத்தில் கையெழுத்திட்டு முன்பணம் கட்டுகிறார். மார்ச் 11 அன்று முதலீட்டு மானியத்துக்கு விண்ணப்பிக்கிறார். அடுப்பு இன்னும் கடைக்கு வந்து சேரவில்லை, அதை வைக்கும் இடம்கூடத் தயாராகவில்லை. ஆனாலும் அந்த மானியத்துக்கான தகுதி அந்த ஏழு நாள் இடைவெளியிலேயே போய்விட்டது.

இதற்குக் காரணம் போட்டிச் சட்டத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. ஒன்றியத்தின் செயல்பாடு குறித்த ஒப்பந்தத்தின் 107ஆவது பிரிவு, போட்டியைத் திரிக்கும் வகையில் அரசு சில நிறுவனங்களுக்கு மட்டும் சலுகை காட்டுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது; 108ஆவது பிரிவின்படி, புதிய உதவித் திட்டம் எதையும் ஐரோப்பிய ஆணையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற்ற பின்னரே நடைமுறைப்படுத்த வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பெரும்பாலான திட்டங்கள் இந்த ஒப்புதல் இல்லாமலேயே நடப்பது, 2014ஆம் ஆண்டின் 651ஆம் எண் ஒழுங்குமுறை அவற்றுக்கு விலக்கு அளிப்பதால்தான். அந்த விலக்கு நிபந்தனைகளோடு வருகிறது. நிபந்தனை ஒன்று தவறினால் விலக்கும் இல்லை. கையில் வாங்கிய பணம் சட்டவிரோத உதவியாகிவிடுகிறது.

அந்த நிபந்தனைகளில் மிக அதிகமாக மீறப்படுவது, வேலை தொடங்கும் முன்பே எழுத்து வடிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே என்று நான் கருதுகிறேன். உதவி கிடைக்காவிட்டாலும் செய்யப்போகிற காரியத்துக்குப் பொதுப்பணம் தேவையில்லை என்பது இதன் பின்னுள்ள நியாயம். கட்டுமானம் தொடங்குவது, கருவிகளுக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் ஆர்டர் கொடுப்பது, முதலீட்டிலிருந்து பின்வாங்க முடியாதபடி வேறு உறுதி அளிப்பது ஆகியவற்றுள் எது முந்தி நிகழ்கிறதோ அதுவே வேலையின் தொடக்கம். நிலம் வாங்குவதும், அனுமதிகள் பெறுவதும், சாத்தியக்கூறு ஆய்வு நடத்துவதும் தொடக்கமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே விலைப்புள்ளி கேட்கலாம், பேரம் பேசலாம், திட்டம் வரையலாம். கையெழுத்தை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும். விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயர், அளவு, திட்டத்தின் விவரம், தொடக்க நாள், முடிவு நாள், இடம், செலவுப் பட்டியல், கேட்கும் உதவியின் வகை, தொகை ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். அதிகாரியோடு தொலைபேசியில் பேசி வாய்மொழியாகச் சம்மதம் பெற்றது விண்ணப்பமாகாது.

இரண்டாவது தவறு, நாம் சிறிய நிறுவனம்தான் என்று கணக்குப் பார்க்காமல் எழுதிவிடுவது. ஊழியர் 50க்குக் கீழும், ஆண்டு விற்பனை அல்லது இருப்புநிலைத் தொகை (சொத்துகளின் மொத்த மதிப்பு) 1 கோடி யூரோவுக்கு மிகாமலும் இருந்தால் அது சிறு நிறுவனம். நடுத்தர நிறுவனத்துக்கு ஊழியர் 250க்குக் கீழ் இருக்க வேண்டும். விற்பனை 5 கோடி யூரோவுக்கு மிகாமலோ, இருப்புநிலை 4.3 கோடி யூரோவுக்கு மிகாமலோ இருக்க வேண்டும். இந்த எண்களை உங்கள் கடைக்கு மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாது. வேறொரு நிறுவனம் உங்களிடம் 25 விழுக்காடு முதல் 50 விழுக்காடு வரை பங்கு வைத்திருந்தால், அதன் ஊழியர்களையும் விற்பனையையும் அதே விகிதத்தில் சேர்க்க வேண்டும். வாக்குரிமையில் பெரும்பான்மை அதன் கையில் இருந்தால் முழுவதையும் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் பட்டறையின் பெரும்பான்மைப் பங்குகளை ஒரு பெரிய குழுமம் வாங்கியிருந்தால், இந்தக் கணக்கில் அந்தப் பட்டறையும் பெரிய நிறுவனமே. இதன் விளைவு நேரடியாகத் தொகையில் தெரியும்: பொதுவான முதலீட்டு உதவியில் சிறு நிறுவனத்துக்குத் தகுதியான செலவில் 20 விழுக்காடு வரையிலும், நடுத்தர நிறுவனத்துக்கு 10 விழுக்காடு வரையிலும் தரலாம், பெரிய நிறுவனத்துக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை.

டி மினிமிஸ் எனப்படும், ஆணையத்துக்குத் தெரிவிக்காமலேயே தரக்கூடிய சிறுதொகை உதவியில் தவறு வேறு விதமாக நேர்கிறது. 2024 ஜனவரி 1 முதல் இதன் மூன்றாண்டு உச்சவரம்பு 2 லட்சம் யூரோவிலிருந்து 3 லட்சம் யூரோவாக உயர்த்தப்பட்டுள்ளது. பலர் இதை நிதியாண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். சரியான முறை, புதிய உதவி வழங்கப்படும் நாளிலிருந்து பின்னோக்கி மூன்று ஆண்டுகளை எண்ணுவது. கணக்கில் கொள்ள வேண்டிய நாள், பணம் வங்கிக்கு வந்த நாள் அல்ல. அதைப் பெறும் சட்ட உரிமை உங்களுக்குக் கிடைத்த நாள். உச்சவரம்பும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாகக் கிடையாது: ஒரே நாட்டுக்குள் ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்தும் கம்பெனிகள் அனைத்தும் ஒரே நிறுவனமாகவே எண்ணப்படும். குறைந்த வட்டிக் கடனும் அரசு உத்தரவாதமும் ரொக்கம் அல்ல என்பதால் அவற்றை விட்டுவிடுபவர்களும் உண்டு. அவற்றில் அடங்கிய சலுகையின் மதிப்பும் அந்த 3 லட்சத்தில் கழியும்.

ரொட்டிக்கடைக்காரருக்கு இங்கேதான் ஒரு வழி மிஞ்சுகிறது. டி மினிமிஸ் ஒழுங்குமுறை, வேலை தொடங்கும் முன் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்பதில்லை. எனவே அவருடைய நாட்டின் திட்ட விதிகள் தனியாகத் தடுக்காத வரை, ஆர்டர் கொடுத்த பிறகும் அவர் அந்த வகையில் உதவி கேட்கலாம். ஆனால் ஒரே அடுப்புக்கு இரண்டு திட்டங்களிலிருந்து பணம் வாங்கினால், இரண்டையும் கூட்டி, அந்தச் செலவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய அடுப்பு பழுதானதற்குப் பதிலாக அதே போன்ற ஒன்றை வாங்குவது முதலீட்டு உதவிக்குத் தகுதியான முதலீடாகாது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். ஆலோசனைச் செலவில் பாதி வரை உதவி உண்டு. ஆனால் வழக்கமான வரிக்கணக்கும் விளம்பரமும் அதில் வராது.

எல்லாவற்றையும் விட ஆபத்தான நம்பிக்கை, அரசே கொடுத்த பணத்தை அரசே எப்படித் திருப்பிக் கேட்கும் என்பது. ஜெர்மனியில் லுட்விக்ஸ்ஹாஃபன் அலுமினிய ஆலைக்காக அல்கான் நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட 80 லட்சம் மார்க் தொடர்பான வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 1997இல் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது: ஆணையத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் நடைமுறை பின்பற்றப்பட்டதா என்று பார்ப்பது கவனமுள்ள நிறுவனத்தின் கடமை, உள்நாட்டுச் சட்டப்படி காலக்கெடு கடந்திருந்தாலும், தவறு அதிகாரியுடையதாக இருந்தாலும் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஆணையம் இவ்வாறு மீட்க ஆணையிடுவதற்கான கால வரம்பு உதவி வழங்கிய நாளிலிருந்து பத்து ஆண்டுகள், மீட்கும்போது வட்டியும் சேரும். ஆகவே விண்ணப்பத்தின் நகல், அது பெறப்பட்ட நாளைக் காட்டும் ஒப்புகை, ஆர்டர் படிவம், பங்குதாரர் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, குறைந்தது அந்தப் பத்து ஆண்டுகளுக்காவது பத்திரப்படுத்துங்கள்.